இடது பக்கத்துப் பன்னிரண்டு ஆடுகள்

பிப்ரவரி 4

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அது எனக்குச் சாதகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். விஞ்ஞானம் படிக்க விரும்புகிறவர் முதலில் தன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்று உயிரியல் டீச்சர் இன்று வகுப்பில் சொன்னார். அப்படியானால் மற்றவர்களிடம் சொல்லலாமா என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது. டீச்சரே சிரித்துவிட்டார்.

முதலில் உண்மைகள். எனக்குப் பதினான்கு வயது. எங்களிடம் கறவையில் இருபத்து நான்கு செம்மறியாடுகள் இருக்கின்றன. கொட்டகையின் நடுவில் ஒரு பள்ளமான நடை, அதற்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் மேடை. பக்கத்துக்குப் பன்னிரண்டு ஆடுகள் ஏறி, இரும்புச் சட்டத்துக்குள் தலையை நீட்டித் தீவனம் தின்னும். அப்பாவும் அக்காவும் நடையில் நின்றபடி பின்னாலிருந்து கறவை மெஷினை மாட்டுவார்கள். அம்மா பால் அறையில் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைப்பாள். பால் முழுவதும் சீஸ் செய்கிறவருக்குப் போகிறது. நான் தீவனச் சாக்கின் மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன், வேறொன்றுக்கும் உதவுவதில்லை என்பது அக்காவின் கருத்து. அது உண்மைதான் என்பதால் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6

பள்ளி நூலகத்தில் ஒரு பழைய அறிவியல் இதழ் கிடைத்தது. கறவைச் செம்மறிகளின் தீவனத்தில் சோம்பு, வெந்தயம், ஓமம், ரோஸ்மேரி போன்றவற்றைத் தூளாக்கிச் சிறிதளவு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் பால் கூடியிருக்கிறது. சில இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆடுகள் ஏப்பமாக வெளியே விடும் வாயு குறையலாம் என்றும் இருந்தது.

சாப்பிடும்போது சொன்னேன். அப்பா கையில் எடுத்த உருண்டையை அப்படியே வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார். அக்காவுக்கு ஒரே கேலி.

“ஏப்பத்தை எப்படி அளப்ப, புரொபசர்? ஒவ்வொண்ணு வாயிலயும் பலூன் கட்டுவியா?”

ஏப்பம் என் ஆராய்ச்சியில் இல்லை, பால் மட்டும்தான் என்று பதில் சொன்னேன். அப்போதுதான் இது என் ஆராய்ச்சி ஆகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

பிப்ரவரி 10

டீச்சரின் விதிமுறைகள்: இடது மேடை ஆடுகளுக்குத் தூள், வலது மேடை ஆடுகளுக்குத் தூள் இல்லை. மற்ற தீவனம், தண்ணீர், கறக்கும் நேரம் எல்லாம் ஒன்றே. தினமும் ஒவ்வொரு ஆட்டின் பாலையும் அளக்க வேண்டும். “ஆரம்பிச்ச பிறகு எதையும் மாத்தாதே. பாதியில ஒண்ணை மாத்தினா மொத்தமும் வீண்” என்று இரண்டு முறை சொன்னார். திட்டத்துக்குத் தனியாக ஒரு நீளமான நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அதை எழுதிவைத்தேன்.

தீவனக் கடையில் ஒரு டப்பா வாங்கினோம். மேலே செம்மறியாட்டின் படம். ஆறு வகை மூலிகை. ஓர் ஆட்டுக்கு நாளைக்குப் பத்து கிராம்.

பிப்ரவரி 11

முதல் நாள். காது வில்லையில் பதினேழாம் நம்பர் போட்ட ஆடு தும்மியது. பின் தட்டை நக்கிச் சுத்தமாக்கியது.

பதினேழுக்கு வாயாடி என்று பெயர். தாய் இறந்ததால் அக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள். அக்காவின் குரல் கேட்டால் பதில் குரல் கொடுக்காமல் இருக்க மாட்டாள். அவள் இடது மேடையில் வருகிறாள் என்று அக்காவுக்குப் பெருமை. வலது பக்கத்து ஆடுகளைப் பார்த்து, உங்களுக்கெல்லாம் பத்தியச் சாப்பாடுதான் என்று சொல்லிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 26

இடது பக்கம் நூற்றுக்கு மூன்று பங்கு கூடுதல். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று நோட்டில் குறித்தேன். அப்பா அந்த வரியைப் படிக்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தார். மாலையில் பால் எடுக்க வந்த சீஸ்காரரிடம், “என் சின்னப் பொண்ணு கண்டுபிடிச்சது” என்றார். கண்டுபிடித்தது நான் இல்லை, இதழில் வந்தது என்று திருத்தினேன். இருவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

மார்ச் 3

டப்பா காலி. அக்காவும் நானும் கடைக்குப் போனோம். ஆட்டு டப்பா வர மூன்று வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். அதே கம்பெனியின் தூள் மாட்டுக்கு என்று பத்துக் கிலோப் பையில் இருந்தது.

“மாட்டுக்குன்னுதான் போட்டிருக்கு. ஆடு மட்டும் என்ன, வேற புல்லா திங்குது?” என்றாள் அக்கா.

பையைத் திருப்பி மூலிகைப் பட்டியலைப் படித்தேன். அதே ஆறு, அதே வரிசை. கீழே பொடி எழுத்தில் தாது உப்புகள் என்று தொடங்கியது. உப்பும் சத்துதானே, இன்னும் நல்லது என்று நினைத்தேன். மூன்று வாரம் நிறுத்தினால் இதுவரை எழுதியதெல்லாம் வீண். வாங்கிவிட்டேன்.

பாதியில் தூளை மாற்றியதாக டீச்சருக்குத் தெரிந்தால் திட்டத்தை ஏற்க மாட்டார். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கை ஆட்டுப் படம் போட்ட டப்பாவில் கொட்டினேன். மீதிப் பையை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். அக்கா பார்த்தாள். “என்னடி, புதையல் ஒளிக்கிறியா?” என்றாள். எலி வராமல் இருக்க என்றேன்.

திட்ட நோட்டில் “அதே தூள், புதிய டப்பா” என்று எழுதினேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். மூலிகை அதேதான் என்பதால் அது பெரிய பொய் இல்லை.

மார்ச் 4

பெரிய பொய் இல்லை என்று எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

மார்ச் 29

இப்போது நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதல். பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து என் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மே 25. அப்பா கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் அந்தத் தேதியை எழுதி வட்டமிட்டார். அம்மா என் சீருடையை எடுத்துத் தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

ஏப்ரல் 20

ஈன்று மாதங்கள் ஆக ஆகப் பால் குறைவது இயல்பு. இரண்டு பக்கமும் குறைகிறது. கோடு இறங்கினால் அட்டையில் பார்க்க நன்றாக இருக்காது. டீச்சரைக் கேட்டேன். டப்பாவில் பதினைந்து கிராம் வரை கொடுக்கலாம் என்று போட்டிருப்பதால், தேதியைக் குறித்துவிட்டுக் கூட்டலாம் என்றார். இன்று முதல் பதினைந்து.

டீச்சர் சொன்னது எந்த டப்பாவை என்று எனக்குத் தெரியும்.

மே 9

வாயாடி தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தாள். வெயில் என்றார் அப்பா.

மே 11

ஆடுகளுக்கு முடி வெட்டுகிறவர் வந்தார். இன்று சலூன் திறந்திருக்கிறது, யாருக்கு என்ன ஸ்டைல் வேண்டும் என்று அக்கா ஒவ்வொன்றையும் கேட்டு இழுத்து வந்தாள். ஆட்டை உட்கார்த்தி, முட்டிகளுக்கிடையில் பிடித்து, மெஷினை வயிற்றிலிருந்து ஓட்டினால் முழு ரோமமும் ஒரே துண்டாகக் கழன்று விழுகிறது. ஆடுகளுக்கு அது பிடிப்பதே இல்லை. மிரண்டு, மூச்சு வாங்கி, எழுந்ததும் ஓடி மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. இருபத்து நான்கும் சாயங்காலத்துக்குள் முடிந்தது. வாயாடி மட்டும் மற்றவற்றோடு ஓடாமல் வெட்டிய இடத்திலேயே படுத்துக்கொண்டாள். அக்கா தூக்கிக்கொண்டு போனாள்.

மே 13

இரண்டு ஆடுகள் செத்துவிட்டன. ஒன்பதாம் நம்பரும் முப்பத்தொன்றும். காலையில் கொட்டகை திறந்தபோதே விறைத்துக் கிடந்தன. இரண்டும் இடது பக்கம்.

வேறு மூன்று எழுந்து நிற்கவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறம். அப்பா கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அவர் வேறு ஊரில் இருப்பதால் நாளைக் காலைதான் வருவார்.

எல்லாம் இடது பக்கம். நான் மாலையில் தூள் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

மே 14

இன்னொன்று போய்விட்டது.

நடந்தபடி எழுத வேண்டும். எழுதுகிறேன்.

டாக்டரம்மா ஒவ்வொரு ஆட்டின் இமையையும் விரித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்: “தாது உப்பு ஏதாவது குடுத்தீங்களா? மாட்டுக்கு வர்ற கலவை மாதிரி?”

“இல்லீங்க டாக்டர். ஒரு மூலிகைத் தூள் மட்டும்தான். ஆட்டுக்கானதுதான். என் பொண்ணு கிராம் கணக்குல எழுதி வச்சிருக்கா.”

அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள், அந்தக் கேள்வி அவள் காதில் விழவில்லை. அப்பா திட்ட நோட்டை எடுத்து வந்தார். டப்பாவையும். டாக்டரம்மா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். நோட்டைப் புரட்டினார். “அதே தூள், புதிய டப்பா” என்ற வரியில் அவர் விரல் நின்று நகர்ந்ததைப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்காகப் பெரியவர்களே எழுதுவதில்லை என்று என்னைப் பாராட்டினார். அப்பா என் தலையில் கை வைத்தார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் போதும். ஏன் திறக்கல? நோட்டு பொய்னு தெரிஞ்சுடும்னா? கண்காட்சியா? அப்பா கைய எடுத்துடுவாருன்னா? தெரியலை. நான் நின்னுட்டே இருந்தேன்.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அதிலும் சிறுநீர் இப்படிப் போகும் என்று சொல்லி அதற்கு ஊசி போட்டார். செத்த ஆட்டின் கல்லீரலில் ஒரு துண்டைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். முடிவு வர நான்கு நாள் ஆகும் என்றார்.

அவர் போனதும் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போனேன். பையில் ஒரு பிடி அளவு மிச்சம் இருந்தது. பொடி எழுத்தை முதல் முறையாகக் கடைசி வரை படித்தேன். காப்பர் சல்பேட். அதற்கும் கீழே, இன்னும் சின்ன எழுத்தில்: செம்மறியாடுகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மே 15

இன்னும் இரண்டு.

அக்கா நேற்று முதல் வாயாடியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தலையை மடியில் வைத்துக் கரண்டியால் தண்ணீர் விடுகிறாள். நானும் பள்ளிக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள், ஆட்டிடம்தான். வாயாடி பதில் குரல் கொடுக்கவில்லை. காதை மட்டும் ஒரு முறை அசைத்தாள்.

மத்தியானம் அக்கா என்னைப் பார்த்தாள். “நீ எவ்வளவோ படிக்கிறியே. எதிலயாவது இதுக்கு மருந்து போட்டிருக்கா, பாரேன்.”

பார்க்கிறேன் அக்கா என்றேன்.

பார்க்கிறேன் அக்கா என்று சொன்னேன். அதை இங்கே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். போதாது.

மே 16

வாயாடி விடிந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போனாள். அக்கா அழவில்லை. மடியிலிருந்து தலையை எடுத்துக் கீழே வைக்கத் தெரியாதவள் போல அப்படியே இருந்தாள்.

டாக்டரம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டது. நான் வைக்கோலுக்குப் பின்னால் போய்ப் பையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து இதுதான் என்றேன். டப்பாவில் கொட்டி வைத்தது நான். நோட்டில் பொய் எழுதியதும் நான்.

டாக்டரம்மா பையைத் திருப்பிப் படித்துவிட்டு ஓடிப்போய் வண்டியிலிருந்து போனில் யாரிடமோ ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். திரும்பி வந்து அப்பாவுக்கு விளக்கினார். “மாட்டுக்கு வேணும்னு தாமிரம் சேர்ப்பாங்க. செம்மறி உடம்பு அதை வெளிய தள்ளாது, கல்லீரல்ல சேர்த்து வச்சுக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். என்னைக்காவது மிரண்டா, மொத்தத்தையும் ரத்தத்துல கொட்டிடும்.”

முடி வெட்டிய நாள்.

அப்பா டப்பாவைக் கையில் எடுத்து அதிலிருந்த ஆட்டுப் படத்தைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா பால் அறை வாசலில் நின்று, “உள்ள வா” என்று என்னைக் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. ஏனென்றால் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்போ தெரியும்?”

“முந்தாநேத்து.”



மே 17

உப்புக் கரைசல் மாதிரி ஒரு மருந்தை இடது பக்கத்தில் மிச்சம் இருந்த ஆறு ஆடுகளுக்கும் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். தாமிரத்தை அது பிடித்து வெளியே கொண்டுபோகுமாம். ஒரு ஆட்டை அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தது. நான் பிடிக்கட்டுமா என்றேன். அப்பா என்னைத் தாண்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

மே 18

ஏழாவது.

டாக்டரம்மா கிளம்பும்போது வண்டிக் கதவுக்கருகில் நின்று கேட்டேன், முந்தாநாள் கேட்டபோதே சொல்லியிருந்தால்... தேதிகூடச் சரியாக வரவில்லை, அது நான்கு நாளுக்கு முன்னால். அவருக்குப் புரிந்தது.

“சிலது பிழைச்சிருக்கும். எத்தனைன்னு என்னால சொல்ல முடியாதும்மா.”

பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. அதற்கு அவரிடம் நன்றி சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

மே 20

எட்டாவது. இருபத்திரண்டாம் நம்பர். நேற்று எழுந்து நின்றது, நாங்கள் பிழைத்துவிட்டது என்று நினைத்தோம்.

கல்லீரல் சோதனை முடிவும் இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

மே 22

பள்ளிக்குப் போனேன். டீச்சரிடம் எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்ட நோட்டைப் புரட்டினார். எதையும் மாற்றாதே என்று சொன்னது தான்தானே என்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை டீச்சர் என்றேன். சம்பந்தம் இருப்பதாக அவர் முகம் சொன்னது. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கண்காட்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நோட்டைத் திரும்ப வாங்கி மார்ச் 3ஆம் தேதிக்குப் போய், அடித்து, சிவப்பு மையில் நடந்ததை எழுதினேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன்: எட்டு எண்கள், எட்டுத் தேதிகள். பதினேழை எழுதும்போது பெயரை எழுதுவதா எண்ணை எழுதுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் எழுதினேன்.

மே 25

அப்பா சுவரில் போட்டிருந்த தேதியையும் வட்டத்தையும் ஈரத்துணியால் துடைத்தார். இன்றைக்குத்தான் அது என்பதை மறந்தவர் போலத்தான் துடைத்தார்.

மே 30

பிழைத்த நான்கும் மேய்கின்றன. மெலிந்திருக்கின்றன. பால் வற்றிவிட்டது, இனி கறவைக்கு ஆகாது என்றார் டாக்டரம்மா. அப்பா விற்க மாட்டேன் என்றார். அதை மட்டும் சத்தமாகச் சொன்னார்.

வலது பக்கத்துப் பாலை சீஸ்காரர் சோதித்துவிட்டு எடுத்துக்கொள்கிறார். முன்பு கேனை இறக்கும்போது ஏதாவது பேசுவார். இப்போது பேசுவதில்லை.

ஜூன் 2

அக்கா நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். சீஸ்காரரின் பெரிய தொழிற்கூடத்தில் பாக்கெட் போடும் வேலை. பன்னிரண்டு ஆட்டைக் கறக்க இரண்டு பேர் எதற்கு என்று அவளே கேட்டாள். அம்மா பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.

அக்கா துணி மடிக்கும்போது நான் கதவோரம் நின்றேன். மன்னிச்சிடு என்று பதினேழு நாளாக மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். வந்தது வெறும் “அக்கா” மட்டும்தான்.

மடிப்பதை நிறுத்தாமல் பேசினாள். “நீ வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்டி. தூளை மாத்தினது கூட போகட்டும், கடையில நானும்தானே கூட இருந்தேன். நீ சின்னப் பிள்ளை, தெரியாம பண்ணிட்ட. ஆனா முழுசா ஒரு நாள் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியே. அவ தலையையும் தடவிக் குடுத்துட்டு. அதுதான்.”

ஒரு பாவாடையை எடுத்து, இது உனக்குச் சரியாக இருக்கும் என்று என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் பஸ் ஏறும்போது நான் கையசைத்தேன். அவளும் அசைத்தாள், அம்மாவைப் பார்த்தபடி.

ஜூன் 5

அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா பேசினாள், அப்பா பேசினார். சின்னவளுக்குக் கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்டாள். ஷிப்ட் மணி அடித்துவிட்டதாம்.

ஜூன் 9

இன்று மாலை கறவை நேரத்தில் அப்பா கொட்டகை வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். “கொஞ்சம் இறங்கு. எனக்கு முதுகு பிடிச்சிருக்கு.” முதல் முறையாக நான் அந்தப் பள்ளமான நடையில் இறங்கினேன். மேலே உட்கார்ந்து பார்த்தபோது தெரியாதது: ஆடுகளின் குளம்புகள் நம் இடுப்புக்கு நேராக வருகின்றன. மடியைத் துடைத்துப் பார்த்துக் குழாயை மாட்ட வேண்டும், இழுக்கக் கூடாது. இரண்டு முறை தவறிக் கீழே விழுந்தது. அப்பா திட்டவில்லை, குனிந்து எடுத்து அலசிக் கொடுத்தார். இது எனக்குச் செய்யும் உபகாரமா, உண்மையிலேயே முதுகு வலியா என்று கேட்டுக்கொண்டேன். அவர் நிமிரும்போது முகம் சுளித்தது. வலிதான்.

வலது பக்கத்துப் பன்னிரண்டும் அரை மணியில் முடிந்தது. ஆடுகளை வெளியே விட்டோம். அம்மா கேன்களைக் கொண்டுபோனாள். அப்பா தண்ணீர்க் குழாயை எடுத்து வலது மேடையைக் கழுவினார். பிறகு திரும்பி, எந்த ஆடும் ஏறாத இடது மேடையையும் கழுவினார். சட்டங்களை ஒவ்வொன்றாக, பன்னிரண்டையும். தினமும் இப்படித்தான் செய்கிறார் போலிருக்கிறது, தரையில் அங்கே அழுக்கே இல்லை.

கழுவி முடித்துக் குழாயைச் சுருட்டினார். நான் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வடிகால் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வேண்டாம்.”

சுவரில் இருந்த பொத்தான்களில் இரண்டை அழுத்தினார். இடது மேடையின் விளக்குகள் அணைந்தன.